கோடையில் அளந்த பள்ளம்

பதினோரு மணிக்குக் கூட்டம். நகரத் திட்ட அலுவலகத்து மேஜையில் விரித்திருந்த வரைபடத்தில், புதுப் பேருந்து நிலையம் வரப்போகும் பள்ளத்துக்குக் காலி நிலம் என்று மஞ்சள் பூசியிருந்தது. பூசியது யார்? வேறு யார், அளவுக்காரம்மாதான். ஆறு வருடத்துக்கு முன்னால் போய் அளந்து, கீழே கையெழுத்தும் போட்டவள்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. நில அளவை எல்லாம் கோடையில்தான். சேறு இருக்காது, கருவி நனையாது, வேலை சட்டென்று முடியும். ஆனால் கோடையில் போய்ப் பார்த்தால் எந்தக் குட்டைதான் குட்டையாகத் தெரியும்? வெடித்த மண்ணும் நாலு புதரும். எழுது, காலி நிலம்! இத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. அவளுக்கும்தான்.

உறைத்தது போன வாரம், தங்கை வீட்டில். ஒரு மணி நேர மழைக்கே கூடத்தில் கணுக்கால் தண்ணீர்.

"முன்னெல்லாம் இந்தத் தண்ணி பின்னாடி பள்ளத்துக்குப் போயிடும்க்கா. இப்ப பஸ் ஸ்டாண்டு வரப்போகுதுன்னு முன்கூட்டியே மண்ணைக் கொட்டி மூடுறாங்க. கால்வாசி மூடினதுக்கே இந்தக் கூத்து. மிச்சத்தையும் மூடினா நானும் பிள்ளைங்களும் மொட்டை மாடியிலதான் குடித்தனம் பண்ணணும்."

பின்பக்கம் போய்ப் பார்த்தாள். கோரைக்கு நடுவே கொக்குகள் நின்றன. தண்ணீர் ததும்பியது. அவளுக்கு வெட்கத்தில் முகம் சுட்டது.

கூட்டத்துக்குப் போகும்போது வரைபடக்காரர் அவள் காதைக் கடித்தார். "பதவி உயர்வுப் பட்டியல்ல மொதப் பேரு உங்களுது. வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதீங்க. வேற யாராவது சொல்லட்டுமே."

"வேற யாரு சொல்லுவா? அளந்தது நான்தானே?"

தலைமை அதிகாரி பேனாவைத் திறந்துகொண்டே, "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்றார்.

அவள் எழுந்தாள். "எனக்கு இல்ல சார். அது காலி நிலம் இல்ல, தண்ணி தங்குற இடம். மூணு தெரு மழையை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமா மண்ணுக்குள்ள இறக்குது. அதை மூடிட்டு எவ்வளவு பெரிய வடிகால் கட்டினாலும் பத்தாது. மேட்டுல பழைய லாரி நிறுத்துற இடம் சும்மாதானே கிடக்கு? பஸ் அங்க நிக்கட்டும். கொட்டின மண்ணை அள்ளிட்டு, பள்ளத்தைச் சுத்தி மரம் வைப்போம்."

"அப்போ காலி நிலம்னு எழுதின புத்திசாலி யாரு?"

"நான்தான் சார். கோடையில அளந்தேன். தப்பு என்னோடது. எழுதியே தர்றேன்."

அவர் வரைபடத்தையே பார்த்தார். "கோடையிலன்னா... மத்த மஞ்சள் இடமெல்லாம்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் ராத்திரியே அவள் எண்ணிவிட்டிருந்தாள்.

"மொத்தம் பதினாலு சார். பதினாலும் கோடையிலதான். பதினாலும் என் கையெழுத்துதான்."

"இந்த வருஷம் உங்களுக்குப் பதவி உயர்வு கிடையாது. புரியுதா?"

"புரியுது சார்." போயிற்று, எட்டு வருட உழைப்பு.

அவர் கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடினார். "பதினாலையும் மறுபடி எவன் அளப்பான்?"

வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"நான்தான்" என்றாள் அவள். "வண்டி குடுங்க சார், மழை விடுறதுக்குள்ள போகணும்."