கஞ்சிக் கோப்பையில் கனடாக் குளிசை

லாபிர் தன் மனைவியின் நோன்புக் கஞ்சியில் ஒரு கைப்பிடி கனடாக் குளிசையை இடித்துப் போட்டது முழுக்க முழுக்க அன்பினால்தான். கொலைக் கேஸில் அகப்பட்டவர்களும் இப்படித்தான் சொல்வார்களோ என்று அவனுக்குப் பிறகு தோன்றியது. அவனுக்கு எல்லாமே பிந்தித்தான் தோன்றும்.

நஸ்ரியாவுக்கு நோன்பு தொடங்கியதிலிருந்து கெண்டைக்காலில் பிடிப்பு. பொட்டாசியம் குறைந்தால் அப்படித்தான் என்று சொல்லி, கனடாவிலிருக்கும் அவளுடைய தங்கச்சி பரீனா ஒரு போத்தல் பொட்டாசியக் குளிசை கொடுத்தனுப்பியிருந்தாள். லாபிர் போத்தலைத் திருப்பித் திருப்பி வாசித்தான். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவையானதில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் ஒரு குளிசையில் இருக்கிறதாம். அவன் கிண்ணியாவில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவன். பெற்றோலில் ஒயில் குறைந்தால் எஞ்சின் இறுகிப்போகும் என்பது தெரிந்தவன்.

"பயந்த கொம்பனி. ஒரு வாழைப்பழத்தில இதைவிடக் கூட இரிக்கும்," என்று சிரித்துவிட்டு, குறையை நிரப்பும் வேலையில் இறங்கினான். ஒரு குளிசைக்கு மேல் நஸ்ரியா விழுங்கமாட்டாள். ஆகவே அவளைக் குசினிக்குள் வரவிடாமல் தானே கஞ்சி காய்ச்சினான். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

பாங்கு சொன்னதும் அவள் பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டுக் கஞ்சியை எடுத்தாள்.

"எப்படி?"

"ம். இரிக்கி," என்றாள். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கோப்பையைச் சரித்துக் காட்டினாள். லாபிருக்குப் பெருமை பிடிபடவில்லை.

மஃரிப் தொழுதவள் பாயை விட்டு எழும்பவில்லை. முதலில் வயிற்றைப் பிரட்டியது. பிறகு வாந்தி.

"கையும் காலும் என்ட இல்லாத மாதிரி இரிக்குங்க. நெஞ்சு என்னவோ செய்யுது."

பக்கத்து வீட்டு இன்பாஸின் ஓட்டோவில் அவளை ஏற்றினான். அவளுடைய பிரஷர் கிளினிக் திருகோணமலையில் என்பதால் அங்கேயே விடச் சொன்னான். பாலம் தாண்டும்போது அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். எஞ்சின் சத்தம் கேட்டுப் பழகிய ஆளுக்கு அது பொல்லாத வேலை. நாடி மூன்று அடித்து ஒன்றை விழுங்கியது. மறுபடி இரண்டு அடித்து ஒன்றை விழுங்கியது.

"ஒண்டுமில்லையே இன்பாஸ்?"

"வயித்துக் காஸ்தான் மச்சான். கஞ்சியில பயறு கூடியிருக்கும்."

பயறு போடவேயில்லை என்பது லாபிருக்கு மட்டும்தான் தெரியும். சீனன்குடா கடந்தபோது அவள் கண்ணை மூடினாள். "நஸ்ரியா, கதை. ஏதாவது ஏசு," என்றான். அவள் ஏசவில்லை. அப்போதுதான் அவன் இன்பாஸின் தோளைத் தட்டி, வேகமாக விடச் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸி அவனை வெளியே நிறுத்தினாள்.

"ஒண்டுமில்லையே மிஸ்ஸி?"

"டொக்டர் சொல்லுவா."

குனிந்து பார்த்தான். ஒரு காலில் தன் செருப்பு, மற்றக் காலில் நஸ்ரியாவின் பூப்போட்ட செருப்பு. கழற்றவும் பயமாக இருந்தது.

டொக்டர் நிரோஜினி இதயம் வரைந்த ஈ.சி.ஜி. கோட்டுத்தாளோடு வந்தார்.

"பிரஷர் குளிசை எடுக்கிறவ. வேற என்ன எடுத்தவ?"

"வேற... கஞ்சி."

டொக்டர் அவனையே பார்த்தார். லாபிர் சட்டைப் பையிலிருந்து போத்தலை எடுத்து நீட்டினான். உள்ளே மிஞ்சியிருந்த குளிசைகள் கிலுகிலுத்தன.

"எத்தனை?"

"இருபது வரும். இடிச்சுப் போட்டன். அவவுக்குத் தெரியாது."

டொக்டர் உள்ளே ஓடினார். அந்த ஓட்டத்தைப் பார்த்த லாபிர் சுவரைப் பிடித்துக்கொண்டு தெரிந்த துஆவையெல்லாம் ஓதினான். பாதியில் மறந்ததை முதலிலிருந்து ஓதினான்.

டொக்டர் திரும்பி வரும்போது நடந்து வந்தார்.

"ஊசி போட்டிருக்கு. கோடு சரியாகுது. ஆனா விடியும் வரை மெசினிலதான் இருக்க வேணும்."

"ஒரு குளிசையில ஒரு வாழைப்பழத்தளவும் இல்லையே, கொம்பனி பயந்திட்டுது எண்டுதான் டொக்டர்..."

"வாழைப்பழத்தில இருக்கிறது சாப்பாட்டோட மெல்ல மெல்லத்தான் இறங்கும். குளிசையில அதையே செறிவாக் குடுத்தா, இறங்கின இடத்தில குடல் புண்ணாகும். மிஞ்சினதைக் கிட்னி வெளியேத்த வேணும். இவவின்ட கிட்னி கொஞ்சம் பலவீனம். பிரஷர் குளிசையும் வெளியேற விடாமப் பிடிச்சு வைக்கும். இரத்தத்தில அது கூடினா இதயம் நிண்டிடும். அதனாலதான் சின்ன அளவாச் செய்யிறாங்கள். பயந்து இல்லை, தெரிஞ்சுதான்."

நின்றுபோன எஞ்சின்கள் எத்தனையையோ அவன் கயிறு இழுத்து எழுப்பியிருக்கிறான். இதற்குக் கயிறு இல்லை.

உள்ளே நஸ்ரியா நெஞ்சு நிறைய வயரோடு படுத்திருந்தாள். மெசின் ஒரே சீராக அடித்தது. லாபிர் சில நிமிடம் அதையே கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு பூப்போட்ட செருப்பைக் கழற்றிக் கட்டிலடியில் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னான். அவள் முகட்டைப் பார்த்தபடி கேட்டாள்.

"உனக்குக் கசக்கலயா?" என்றான். "உண்மையைச் சொல்லு. கஞ்சி எப்படி இருந்திச்சு?"

"வாயில வைக்கேலா," என்றாள் நஸ்ரியா. "முதல் முதல் நீங்க காய்ச்சினதெண்டுதான் குடிச்சன்."