உள்ளங்காலில் ஒரு முக்கோணம்

பதினாலு வருஷமா எனக்கு வாய்ச்சதெல்லாம் உள்ளங்கால் தரிசனம்தான். பூங்காவுல ராட்சச ஊஞ்சல் ஓட்டுறேன். முப்பது பேர் செருப்பைக் கழட்டி வச்சுட்டு ஏறுவாங்க. என் கேபின் கீழே ஒரு ஓரத்துல இருக்கு. ஊஞ்சல் உச்சிக்குப் போனா மூஞ்சி ஒண்ணும் தெரியாது, அறுபது கால்தான் தெரியும். சேர்ந்த புதுசுல வீட்டுக்குப் போய் அக்காகிட்ட தினமும் கால் கதையா அளப்பேன். அவளும் விழுந்து விழுந்து சிரிப்பா. அதெல்லாம் ஒரு காலம். இப்போ சலிச்சுப் போய் மேலே பார்க்கிறதையே விட்டுட்டேன்.

அன்னிக்கு சாயங்காலம் கழுத்து பிடிச்சுக்கிச்சேன்னு நிமிர்ந்தேன். கடைசி வரிசையில ஒரு வலது கால். பாதத்துக்கு நடுவுல முக்கோணமா ஒரு தழும்பு. அந்தத் தழும்புக்குக் காரணமே நான்தான்.

எனக்கு எட்டு வயசு, அக்காவுக்குப் பன்னெண்டு. ரொட்டி சுடுறேன் பேர்வழின்னு இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணி, தரையில மல்லாத்தி வச்சுட்டு, ரொட்டி எடுக்க உள்ளே போனேன். அக்கா வந்து அது மேலே காலை வச்சுட்டா. யார் வேலைன்னு அம்மா கேட்டப்போ தன் வேலைதான்னு சொல்லி, வெந்த காலோட திட்டும் வாங்கிக்கிட்டா. அவ அப்படித்தான். வீட்டு இரும்பு கேட்டுல நான் தொத்திக்குவேன், அவ தள்ளுவா. கேட் போய்ச் சுவத்துல டங்குனு இடிக்கும். அவ மட்டும் ஒரு தடவைகூட ஏறினதில்லை, பயந்தாங்கொள்ளி.

அப்பேர்ப்பட்டவளைத்தான் நான் காட்டிக் கொடுத்தேன். அவ ஒருத்தரை விரும்பின விஷயத்தை அப்பாகிட்ட போட்டுக் கொடுத்தது நான்தான். வீட்டை விட்டுப் போய் அவரையே கட்டிக்கிட்டா. அப்புறம் ரெண்டு தடவை எனக்கு போன் பண்ணினா. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேசுறதுன்னு நான் எடுக்கலை. அவங்க ஊர் மாறி, நம்பர் மாறி, பதினோரு வருஷம் ஓடிப்போச்சு.

இப்போ என் தலைக்கு மேலே ஆடிக்கிட்டிருக்கா. ஊஞ்சல் நின்னதும் கேபினுக்கு எதிர்ப் பக்க வாசல் வழியா போயிடுவா. அது முழுசா நிக்கிற வரைக்கும் நான் கேபினை விட்டு நகரக் கூடாது. இன்னிக்கு விட்டா இனி எங்கே போய்த் தேடுவேன்? நிறுத்த வேண்டிய நேரத்துல இன்னொரு ஆட்டம் விட்டேன். ஓசியில கிடைச்ச சந்தோஷத்துல ஜனம் கூத்தடிக்குது. என்னய்யா கோளாறுன்னு சூப்பர்வைசர் போன்ல கேட்டார். ஒண்ணுமில்லைன்னு வச்சுட்டேன்.

இருக்கைப் பூட்டை வரிசை வரிசையா திறக்கிற பட்டன் என்கிட்டதான் இருக்கு. ஊஞ்சல் நின்னதும் கடைசி வரிசையை விட்டுட்டு மத்ததை எல்லாம் திறந்தேன். ஒவ்வொரு இருக்கையையும் தனியா திறக்கிற சாவியை எடுத்துக்கிட்டு ஓடினேன். அந்த வரிசையில அவ பக்கத்துல இருந்தவங்களை ஒவ்வொருத்தரா திறந்து அனுப்பிட்டு அவ முன்னாடி போய் நின்னேன். நெத்தியோரம் நரை. கம்பியை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிருந்தா.

அவதான் பேசினா.

"இவ்வளவு நேரமாடா உனக்கு? இதோட மூணு தடவை ஏறிட்டேன். காலைத் தூக்கித் தூக்கிக் காட்டுறேன், நீ பார்த்தாத்தானே?"

நேரா கேபினுக்கே வந்திருக்கலாமேன்னு திக்கித் திணறிக் கேட்டேன்.

"வந்து நின்னு, அன்னிக்கு போனை எடுக்காத மாதிரி நீ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா நான் என்னடா பண்ணுவேன்?"

"அப்பாகிட்ட சொன்னது தப்புக்கா. என்னை மன்னிச்சுடு."

"முதல்ல பூட்டைத் திற. எனக்குத் தலை சுத்துது."

பதினாலு வருஷமா திறக்கிற பூட்டு. கண்ணு மறைக்குது, சாவி உள்ளே நுழையவே மாட்டேங்குது. அக்காதான் என் கையைப் பிடிச்சுத் திருப்பினா.