ஒரே ஆள், ரெண்டு உறவு

“‘இல்லை’ன்னு போடுங்கண்ணே!”

“‘ஆமா’ன்னு போடுங்கண்ணே! இவர் பேச்சைக் கேட்டா என் தம்பி நாகப்பட்டினத்துலயே நரைச்சுப் போவான்!”

மலாயாவில், அலோர் காஜா கடைத்தெருவில் மனு எழுதும் பிச்சைமுத்து, பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி புருஷனையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். ஐம்பத்து நாலாம் வருஷம். தம்புசாமியின் சாப்பாட்டுக் கடைக்குச் சமையல்காரன் வேண்டும். சுப்பம்மாவின் தம்பி அப்புசாமிக்குத் தற்காலிக வேலை பாஸ் கேட்கிறார்கள். பாரத்தில் ஒன்பதாவது கேள்வி: இந்த ஆளுக்காக முன்பு விண்ணப்பித்ததுண்டா?

“ரெண்டு தடவை தள்ளுனதை நாமளே ஞாபகப்படுத்தினா, மூணாவது தடவை தள்ள அவனுக்குக் கை வலிக்குமா?” என்றார் தம்புசாமி.

“காட்டுல ஒளிஞ்சிருக்கற கம்யூனிஸ்ட்காரனுக்குப் போயிரும்னு மீன் டின்னையே ஓட்டை போட்டு விக்கச் சொல்ற சர்க்காருங்க இது. நம்ம பழைய மனுவைத் தேடாம விடுமா?” என்றாள் சுப்பம்மா.

“ஆமான்னே போடுறேன்,” என்றார் பிச்சைமுத்து. “என்ன, மொத மனுவுல ‘மனைவியின் தம்பி’ன்னு எழுதினேன். தள்ளிட்டான். ரெண்டாவதுல ‘தாய்மாமன் மகன்’னு எழுதிட்டேன்.”

“ரெண்டும் நெசந்தானே லா! மாமன் மகளைத்தானே கட்டியிருக்கேன்!”

பாஸ் கொடுக்கும் மலாக்கா ஆபீசில் வெள்ளைக்காரத் துரை மூன்று தாளையும் வரிசையாகப் பரப்பினார். மொழிபெயர்ப்பாளர் சிவசாமி இவர்கள் பக்கம் குனிந்தார்.

“துரைக்கு ரொம்பச் சந்தோஷம். பழசை மறைக்காம எழுதின மொத ஆள் நீங்கதானாம்.”

சுப்பம்மா புருஷனை முழங்கையால் இடித்தாள்.

“ஆனா ஒரு ஆள் ரெண்டு உறவா இருக்க முடியாதாம். ஒண்ணு பொய்யாம்.”

“சொந்தத்துல கட்டினா அப்படித்தான்னு சொல்லுங்க சார்!”

“மூணு தடவை சொல்லியாச்சு. பாரத்துல ஒரு கட்டம்தான் இருக்காம். பொய்யை அடிச்சுக் கையெழுத்துப் போட்டா இன்னைக்கே பாஸ்.”

துரை பேனாவை நீட்டினார். தம்புசாமி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தாய்மாமன் என்பது பெற்றவளோடு கூடப் பிறந்த ரத்தம். அதை எப்படி அடிப்பது? பேனா மெல்ல நகர்ந்து ‘மனைவியின் தம்பி’ மேல் போய் நின்றது.

“அடிங்க, என் தம்பி வரட்டும்,” என்றாள் சுப்பம்மா. “அடிச்சிட்டு, நான் உங்களுக்கு யாருன்னும் அந்தத் துரைகிட்டயே கேட்டுச் சொல்லுங்க.”