துண்டுக்குள் ஒரு விலை

ஜெயபாண்டியின் கவனத்துக்கு விலை, மணிக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை நடத்துகிறவன் பேரம் பேசாமல் எதையும் வாங்கமாட்டான், பேசிப் பார்த்தான். வீடியோவில் இருந்த கோச் நாகஜோதி சிரித்தாரே தவிர இறங்கவில்லை.

மதுரை டாக்டர், கவனம் நிலைக்காத ஏடிஹெச்டி கோளாறு என்று சொல்லி மாத்திரை எழுதியதோடு, இவரையும் கைகாட்டியிருந்தார். போன மாதம் விருதுநகர் வியாபாரியின் லோடை மறந்தாயிற்று. இந்த வெள்ளிக்கிழமையும் தவறினால் அவர் வேறு கடை பார்த்துக்கொள்வார்.

"தெனமும் போன் போட்டு என்னைய வெரட்டுவீகளா?"

"மாட்டேன். திட்டவும் மாட்டேன், உங்க பில்லை எழுதித் தரவும் மாட்டேன். கேள்விதான் கேப்பேன். வேலை ஒழுங்கா ஓடுன காலம்னு ஒண்ணு இருந்துச்சா?"

ஒரு கேள்விக்கா இவ்வளவு காசு என்று நினைத்தான்.

இருந்தது. கூட்டாளி சங்கையா எதிர் நாற்காலியில் இருந்த வருஷங்கள். வேலை ஏவமாட்டான், தன்பாட்டுக்குக் கடலை கொறித்தபடி தன் பில்லை எழுதுவான். அந்தச் சத்தத்தில் ஜெயபாண்டியின் பேனாவும் ஓடும். திருச்சுழிச் சந்தையில் கைகளைத் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்து, பிறர் அறியாமல் இருவரும் பேசி வைத்த விலை ஒருநாளும் அவனுக்கு மறந்ததில்லை. சங்கையா மகளோடு திருப்பூர் போனபிறகு, தனியாக ஏலவில்லை என்று யாரிடமும் சொல்ல ரோஷம் விடவில்லை. இப்போது நாகஜோதியிடம் சொன்னான்.

"பக்கத்துல ஆள் இருந்தா சிலருக்கு வேலை ஓடும். வெக்கப்பட ஒண்ணுமில்ல," என்றார் நாகஜோதி. "அவரு வீடியோவுல உக்காருவாரா?"

வியாழக்கிழமை காலை கல்லாமேல் சாய்ந்து நின்ற போனுக்குள் சங்கையா கடலை கொறித்தான். நாலு பில் எழுதியதும் ஜெயபாண்டி எழுந்தான்.

"எங்கலே?"

"டீ சொல்லிட்டு வாரேன்."

"அன்னைக்கு டீ சொல்லப் போயி, பஸ் ஏறி காரியாபட்டியில எறங்குனவன்தான நீ? ஒக்காருலே!"

உட்கார்ந்தான். மதியத்துக்குள் பில் முடிந்து, சாயங்காலம் லோடு ஏறியது.

"ஏலே, என் கமிஷன் எம்புட்டு?" சங்கையா போனுக்குள் கையை நீட்டி, மேலே துண்டைப் போட்டான். ஜெயபாண்டியும் தன் கையில் துண்டைப் போட்டான். அங்கே ஒரு கை, இங்கே ஒரு கை. பிடிக்க விரல்தான் இல்லை.

"நேர்ல வந்து வெலயச் சொல்லுலே," என்று சங்கையா துண்டை உதறினான். குரல் கொஞ்சம் கரகரத்தது.

நாகஜோதிக்குக் கொடுத்தாயிற்று. விருதுநகருக்கு அனுப்பியாயிற்று. சங்கையாவுக்கு மட்டும், துண்டுக்குள் ஒரு விலை பாக்கி.