உயரப் பலகையில் ஐவி

என் மனைவி மேவிஸ் என்னோடு சண்டை போடாத ஈஸ்டர் கிடையாது. ஈஸ்டருக்குள் கேளிக்கைப் பூங்காவின் எல்லாப் பலகைக்கும் புது பெயின்ட் ஏறிவிட வேண்டும், எங்கள் கடற்கரையில் அது கட்டாயம். பெயின்ட் அடிப்பவன் நான். ரோலர் கோஸ்டர் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நிற்கும் உயரப் பலகைச் சிறுமியையும் நான்தான் பூசுவேன். "என் கைக்கு மேல வளர்ந்துட்டியா? அப்போ ஏறு!" என்று அதில் எழுதியிருக்கும். அந்தச் சிறுமி எங்கள் மகள் ஐவி.

ஏழு வயதில், முன்பல் விழுந்திருந்த சமயம், எதிரே நிற்கவைத்து வரைந்தேன். அந்தக் குளிர்காலமே மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். அடுத்த வருஷம் கடல் வீட்டுக்குள் புகுந்து, இருந்த நாலு போட்டோவையும் கொண்டுபோனது. படுபாவிக் கடல்.

"ஓட்டைப் பல்லு விளம்பரத்துக்கு நல்லாவா இருக்கு? அடைச்சிடு," என்றார் முதலாளி. அடைத்தேன். வயிற்றுப்பாடு, என்ன செய்ய? மற்றப் பலகைகளைச் சுரண்டித் தேய்ப்பேன். அவளைத் தேய்க்க மட்டும் மனசு வராது, மேலேயே பூசுவேன். முப்பத்தோரு பூச்சில் அவள் யார் வீட்டுப் பிள்ளையோ ஆகிவிட்டாள்.

"எம்பிள்ளை மூஞ்சிய நீதான்யா அழிச்சே," என்பாள் மேவிஸ். அந்தப் பக்கமே அவள் வருவதில்லை.

பூங்காவை மூடி ஒன்பது வருஷம். வெயிலும் உப்புக்காற்றும் என் பெயின்டை உரித்துக்கொண்டே வந்தன. கம்பி வேலி வழியாகத் தினமும் பார்ப்பேன். போன அக்டோபரில் அவளுடைய கன்னம் தெரிந்தது. என் பழைய ரோஸ் நிறம், சத்தியமாக அதுவேதான். வீட்டுக்கு ஓடினேன்.

"மேவிஸ், ஐவி வர்றாடி! கன்னம் வந்துடுச்சு. வாய்கிட்ட இன்னும் ரெண்டு மூணு பூச்சு உதிர்ந்தா போதும், ஓட்டைப் பல்லு தெரிஞ்சிடும்."

"கதை விடாதே," என்றாள். அப்புறம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "ஈஸ்டருக்கு வர்றேன்," என்றாள்.

நடுவில் எனக்கு இடுப்பு ஆபரேஷன். ஈஸ்டர் வரை இரண்டு மாதம் வாசல் தாண்டவில்லை. ஈஸ்டர் அன்று மேவிஸ் நல்ல கோட்டைப் போட்டு, உதட்டுச்சாயம் பூசி வந்தாள். பிள்ளையைப் பார்க்கப் போகிறாள் அல்லவா.

பூங்கா கேட் திறந்திருந்தது. பூங்காவைக் காப்பாற்றக் கிளம்பிய சங்கத்துக்காரி வினிஃப்ரெட், கையெல்லாம் பெயின்டோடு ஓடிவந்தாள்.

"ஆல்ஃப்! உங்களுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னுதான் சொல்லல. பாருங்க!"

பலகை பளபளவென்று நின்றது. நீலக் கண், சிவந்த கன்னம், வரிசையாக வெள்ளைப் பல்.

"மங்கின போர்டு ஊருக்கே அசிங்கம்னு நீங்கதானே சொல்வீங்க? நீங்க செய்யுற மாதிரியே கட்டை தெரியுற வரைக்கும் தேய்ச்சுட்டுத்தான் அடிச்சோம். மூணு நாள் வேலை!"

அவளைத் திட்டி என்ன பயன்? அது ஐவி என்று நாங்கள் ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. வீட்டுத் துக்கத்தைத் தெருவில் வைப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை.

"ரொம்ப அழகா இருக்கும்மா, கஷ்டப்பட்டிருக்கீங்க," என்றாள் மேவிஸ். வினிஃப்ரெட் கொடுத்த டீயையும் முழுக்கக் குடித்தாள்.

பஸ்ஸில் மேவிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எந்தப் பக்கத்துப் பல்லு, ஆல்ஃப்?"

"இடது பக்கம்," என்றேன் உடனே. எனக்கும் ஞாபகம் இல்லை.