பாக்குறேம்மா

அசோகன் இட்லித் தட்டின் குழிகளில் ஸ்க்ரூக்களை இனம் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். நீளமானவை ஒரு குழியில், குட்டையானவை ஒரு குழியில், தலை தட்டையாக இருந்தவை இன்னொன்றில். வாசலை ஒட்டிப் பாய் விரித்து, அதன் மேல் பழைய துண்டை மடித்துப் போட்டு, அந்தக் கறுப்புப் பெட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தான். வீட்டுக்குள் அந்த ஓர் இடத்தில்தான் வெளிச்சம் விழும். கால்வாய்க்கு மேலே பறக்கும் ரயில் போகும்போதெல்லாம் தட்டிலிருந்த ஸ்க்ரூக்கள் மெல்லக் கிணுகிணுத்தன. ரயில் தாண்டும்வரை அவன் கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பான்.

தேவானை அடுப்பருகே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மாவு கரைத்து வைத்து வெகுநேரமாகிவிட்டது. தட்டு எப்போது கிடைக்கும் என்று அவள் கேட்கவில்லை. தோசையாக ஊற்றிக்கொண்டால் போயிற்று.

அந்தப் பெட்டி, ஆழ்வார்பேட்டையில் அவள் வேலை செய்யும் வீட்டுப் பையனுடையது. டிவியில் சொருகி விளையாடுகிற கேம். வெள்ளிக்கிழமை காலை அதன் மூடியில் என்னவோ பிசுபிசுவென்று ஒட்டியிருந்ததைப் பார்த்து ஈரத்துணியால் துடைத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பாலகணேஷ் பொத்தானை அழுத்தினான். விளக்கு எரியவில்லை. மறுபடி அழுத்தினான். "தேவானை ஆன்ட்டி தண்ணி போட்டுத் தொடச்சாங்கம்மா" என்று உள் அறையைப் பார்த்துச் சொன்னான்.

தீபிகா அன்று வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் மாட்டியதைக் கழற்றாமல், மைக்கைக் கையால் மூடிக்கொண்டு வெளியே வந்தாள்.

"கரண்ட் சாமானை யாராவது ஈரத்துணியால தொடைப்பாங்களா? இப்ப இதை யார் பாக்கறது?"

"நான் பாக்குறேம்மா."

"சரி, பாரு." கதவு மூடிக்கொண்டது.

தேவானைக்கு அதில் குழப்பம் ஒன்றும் இருக்கவில்லை. அவள் குடியிருக்கும் கால்வாய் ஓரத்தில் பார்ப்பது என்றால் ரிப்பேர் பார்ப்பதுதான். ஃபேன் பார்க்கிறவர், மிக்சி பார்க்கிறவர் என்றுதான் ஆட்களைச் சொல்வார்கள். அவள் புருஷன் அசோகன் தி.நகர் துணிக்கடையில் லிஃப்ட் ஓட்டப் போவதற்கு முன்னால் மந்தைவெளியில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவன். அந்த வீட்டு மிக்சி புகைந்தபோதும் அவள்தான் கொண்டுவந்து, அவன்தான் பார்த்துக் கொடுத்தான். தீபிகா சந்தோஷமாக வாங்கி வைத்துக்கொண்டாள். அதனால் வேலை முடிந்து கிளம்பும்போது பெட்டியை டிவியிலிருந்து பிடுங்கி, துண்டில் சுற்றி, கட்டைப்பையில் வைத்து எடுத்துவந்தாள். கேட்டில் வாட்ச்மேன் கருணாகரன் போனில் பேசிக்கொண்டே கதவைத் தள்ளிவிட்டார். அன்று சாயந்தரமே அந்த வீட்டில் எல்லோரும் ஒரு விசேஷத்துக்குத் திருநெல்வேலி கிளம்பிப் போனார்கள்.

முன்பு அவளுக்கு வேறு இரண்டு வீடுகள் இருந்தன. பையன் வருகிறவரை முழுநேரமும் இங்கேயே இரு என்று தீபிகா சொன்னபோது அந்த இரண்டையும் விட்டாள். அங்கெல்லாம் இப்போது வேறு ஆள் வந்தாயிற்று. இதுவும் போனால் என்ன என்பதை அவள் இரண்டு இரவுகளாக யோசிக்காமல் இருக்கப் பார்த்தாள்.

அசோகன் கை நின்றது. கடைசி ஸ்க்ரூவின் மேல் நகத்தளவுக்கு ஒரு வெள்ளிச் சீட்டு ஒட்டியிருந்தது.

"சீல் கீது" என்றான். "இத எடுத்தா அப்பால கம்பெனிக்காரன் கை வெக்கமாட்டான். கை வெச்ச பீஸுன்னு சொல்லிடுவான்."

தேவானை அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் வந்து போயிற்று.

"கம்பெனில தொறந்து, தண்ணி பூந்துக்கீதுன்னு சொல்லிட்டான்னா?"

அவன் கத்தியைத் துண்டில் துடைத்தான்.

"நீயே தொற" என்றாள்.

கத்தி நுனியை அடுப்பில் காட்டிச் சூடாக்கி, சீட்டைக் கிழியாமல் நெம்பி எடுத்தான். அதை இட்லித் தட்டின் விளிம்பில் ஒட்டி வைத்தான். கரீமுல்லாவின் செல்போன் கடையில் இரவல் வாங்கிய நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவரால் கடைசி ஸ்க்ரூவையும் திருகினான். மூடி 'டக்'கென்று விட்டுக்கொடுத்தது.

உள்ளே ரோஸ் நிறத்தில் காய்ந்துபோன ஒரு வாய்க்கால். காற்றாடியின் பக்கத்திலிருந்து இறங்கி, கரண்டு வருகிற பலகையின் மேல் பரவி, மூலையில் தேங்கி இறுகியிருந்தது. அதில் எறும்புகள் வரிசை கலையாமல் ஒட்டிச் செத்திருந்தன. அசோகன் குனிந்து மோந்தான்.

"இன்னாமே, கல்யாண வூட்டு வாசன வருது."

தேவானை எழுந்து வந்து குனிந்தாள். ரோஸ்மில்க். வியாழக்கிழமை சாயந்தரம் அவளே கலக்கிக் கொடுத்தது. மறுநாள் காலை காலி டம்ளர் டிவிக்குப் பின்னால் இருந்ததும், எடுத்துக் கழுவியதும் ஞாபகம் வந்தது. மூடியின் மேல் அவள் துடைத்த பிசுபிசுப்பு இதன் மிச்சம்தான்.

"உன் துணி ஒண்ணும் பண்ணல" என்றான் அசோகன். "நீ தொடைக்கறதுக்கு முன்னாலயே இது செத்துப்பூட்ச்சு."

அவள் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். பிறகு எழுந்து அவனுக்கு டீ வைத்தாள்.

அவன் தின்னரில் நனைத்த பழைய பல் பிரஷால் பலகையைத் தேய்த்தான். துடைத்த பஞ்செல்லாம் ரோஸாக வந்தது. எரிந்துபோயிருந்த ஃபியூஸை எடுத்துவிட்டு, ஓட்டை டிவி ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த அதே அளவு ஃபியூஸைப் பற்றவைத்தான். மூடும்போது வெள்ளிச் சீட்டைப் பழைய இடத்திலேயே ஒட்டினான். ஒரு ஸ்க்ரூ மட்டும் பிடிக்கவில்லை. மரை போயிருந்தது. அதைக் காகிதத்தில் மடித்துத் தேவானையிடம் கொடுத்தான்.

"இத அவங்க கையில குட்த்துடு. நாம எட்த்துக்கினோம்னு இருக்கக் கூடாது."

அவள் அதைப் பர்ஸில் போட்டுக்கொண்டாள்.

இவர்கள் வீட்டில் இருந்தது கவர்மெண்ட் கொடுத்த பெட்டி டிவி. அதில் இந்த ஒயரைச் சொருக இடமில்லை. அடுத்த வரிசையில் ஷம்ஷாத் வீட்டில் சுவரில் மாட்டுகிற டிவி இருந்தது. ஷம்ஷாத் சீரியலை நிறுத்திவிட்டு வழிவிட்டாள்.

"இன்னா தேவானை, உன் வூட்டுக்காரரு இந்த வயசுல கேம் ஆடக் கெளம்பிட்டாரா?"

"லிஃப்டு ஏறி எறங்கி அவருக்கு போரடிச்சுப் போச்சாம்" என்றாள் தேவானை. மூன்று நாளில் அவள் பேசிய முதல் வேடிக்கைப் பேச்சு அது.

பெட்டியில் விளக்கு எரிந்தது. டிவி முழுவதும் நீலமாகி, நடுவில் பாலா என்ற பெயரும் அவன் சிரிக்கிற படமும் வந்தன. கீழே ஏதோ ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லி எழுத்து மினுங்கியது. அழுத்துகிற கைப்பிடியைத் தேவானை எடுத்து வந்திருக்கவில்லை. அதனால் மூன்று பேரும் ஒன்றும் செய்யாமல், நீல வெளிச்சத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

*

திங்கட்கிழமை காலை கருணாகரன் அவளைப் பார்த்து எப்போதும் கேட்கிற, சாப்பிட்டாச்சா என்பதைக் கேட்கவில்லை. கட்டைப்பையைப் பார்த்தார். இன்டர்காமை எடுத்து, "வந்துட்டாங்க சார்" என்றார்.

மேலே தீபிகாவும் அவள் கணவர் சக்திவேலும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். சக்திவேல் வழக்கமாக இந்த நேரத்துக்குத் தன் கடைக்குக் கிளம்பியிருப்பார். தேவானை கும்பிடாத குறையாகப் பையைக் கீழே வைத்து, துண்டைப் பிரித்து, பெட்டியை எடுத்தாள்.

"பாத்தாச்சும்மா. எரியுது."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தீபிகாதான் முதலில் பேசினாள்.

"எங்ககிட்ட சொல்லாம எப்படி எடுத்துட்டுப் போனே?"

"சொன்னேனேம்மா. நான் பாக்குறேன்னு சொன்னேன். நீங்ககூட பாருன்னீங்க."

"இனிமே ஜாக்கிரதையா பாத்துக்கறேன்னு நீ சொல்றதா நெனச்சேன்." தீபிகா நெற்றியைத் தடவிக்கொண்டாள். "நேத்து நைட்டு வந்து பாத்தா காணோம். கேமரால பாத்தா நீ பையோட போறே."

"ஒரு போன் போட்டிருக்கலாமேம்மா."

"போடலாம்னுதான் எடுத்தேன்." குரல் தணிந்தது. "இவர்தான், காலையில வராளான்னு பாக்கலாம்னார்."

சக்திவேல் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து பாலகணேஷ் பல் தேய்த்த வாயோடு வந்து, பெட்டியைத் தூக்கிப்போய் டிவியில் சொருகினான். இசை எழுந்தது. ஸ்கூலுக்கு நேரமாகிறது என்று யாரும் அவனைச் சொல்லவில்லை.

தீபிகா அருகில் போய்க் குனிந்து பார்த்தாள். கத்தி பட்ட இடத்தில் வெள்ளிச் சீட்டு சற்றுச் சுருண்டிருந்தது.

"இதைத் திறந்தீங்களா? இன்னும் வாரண்டியில இருக்கு தேவானை. கம்பெனிக்குச் சொல்லியிருந்தா புதுசே கொடுத்திருப்பான். இனிமே ஏதாவதுன்னா யார்கிட்டப் போறது?" கோபமாக இல்லை. உண்மையாகவே யாரிடம் போவது என்று யோசிக்கிற குரல். "உள்ள என்னதான் ஆயிருந்துச்சு?"

டிவியில் ஓடிக்கொண்டிருந்த ஆள் சட்டென்று நின்றான். பாலகணேஷ் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவன் கட்டைவிரல்கள் கைப்பிடியின் மேல் அசையாமல் இருந்தன. அவன் காது மடல் சிவந்திருப்பது தேவானைக்குத் தெரிந்தது. அந்தக் காதை, அவன் இடுப்பு உயரம் இருக்கும்போதிலிருந்து, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டிருக்கிறாள்.

அடுக்களையில் குக்கர் ஒரு விசில் விட்டு அடங்கியது.

"தூசிம்மா" என்றாள். "தூசி அடைச்சிக்கினு இருந்திச்சு."

டிவியில் அந்த ஆள் மறுபடி ஓடத் தொடங்கினான்.

சக்திவேல் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். அவளைப் பார்க்காமல், மரியாதையாகவே சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. இன்னையிலேருந்து போறப்ப கேட்ல பையை ஒரு தடவை காட்டிட்டுப் போயிடுங்க. உங்களுக்குன்னு இல்ல. பொதுவா."

வேலை போகவில்லை. அது புரியவே அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. துடைப்பத்தை எடுத்தாள். ஹாலைப் பெருக்கும்போது டிவி ஸ்டாண்டைச் சுற்றி ஒரு முழம் விட்டுப் பெருக்கினாள். யாரும் அப்படிச் சொல்லவில்லை.

மத்தியானம் பள்ளி அரைநாளில் விட்டுப் பாலகணேஷ் வந்துவிட்டான். அவனுக்குச் சோறு போட்டு, பாத்திரம் கவிழ்த்துவிட்டு அவள் இறங்கினாள். கேட்டில் கருணாகரன் நாற்காலியைக் காலி செய்து அதன் மேல் பையை வைக்கச் சொன்னார்.

"மேல சொல்லிக்கிறாங்கம்மா. நான் இன்னா பண்றது."

"பண்ணுண்ணா."

டிபன்பாக்ஸை எடுத்துத் திறந்து பார்த்து மூடினார். பெட்டி சுற்றி வந்த துண்டை உதறினார். வேர்வை துடைக்கிற கைக்குட்டை, ரேஷன் கடைக்குக் கொண்டுபோகிற மடித்த பை, சீப்பு. எதிர்வீட்டு டிரைவர் வண்டியைத் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பர்ஸில் சில்லறையோடு கிடந்த காகித மடிப்பைக் கருணாகரன் பிரித்தார். உள்ளே, எள்ளைவிடச் சற்றுப் பெரிதாக, காலையில் தீபிகாவிடம் கொடுக்க மறந்துபோன கறுப்பு ஸ்க்ரூ.

அதை இரண்டு விரலால் எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

"இது இன்னாது? எங்கேர்ந்து எட்த்தாந்தே?"

தேவானை நிமிர்ந்து மூன்றாவது மாடியைப் பார்த்தாள். திறந்திருந்த ஜன்னல் வழியாக விளையாட்டின் சத்தம் தெருவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. கருணாகரன் ஸ்க்ரூவைக் கீழே வைக்காமலே, மறுகையால் இன்டர்காமை எடுத்தார்.