வலப்பக்கத்துத் துடிப்பு

வீட்டில் எல்லோருக்கும் அவள் மீன்காரிதான். ஆராய்ச்சிக்கூடத்தின் கீழ்த்தளத்தில், அடுக்கடுக்கான கண்ணாடித் தொட்டிகளில், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத வரிமீன்களை வளர்த்துக்கொண்டிருந்தாள். “எங்க அக்கா ஆயிரக்கணக்குல மீன் வெச்சிருக்கா, ஒண்ணுகூட வாணலிக்குத் தேறாது” என்று வருகிறவர்களிடமெல்லாம் தங்கை சொல்லிச் சிரிப்பாள்.

மீன்காரியின் வேலை முட்டைகளோடு. கண்ணாடிபோன்ற முட்டை, உள்ளே கரு வளர்வது வெளியிலிருந்தே தெரியும். தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம், முதுகு எது, வயிறு எது என்று மரபணுக்கள் முடிவு செய்துகொண்டே வரும். இடது எது, வலது எது என்பது கடைசியில். ஒரு மரபணுவைக் கெடுத்துவிட்டு, எத்தனை கருவில் இதயம் பக்கம் மாறித் துடிக்கிறது என்று அவள் எண்ணுவாள். மாதக்கணக்கில் கைகொடுக்காத அந்தச் சோதனை அன்று காலையில்தான் பலித்தது. நுண்ணோக்கியின் கீழே இருந்த கருக்களில் பாதிக்குப் பாதி மாறிய இதயங்கள். கூட வேலை செய்கிறவர்கள் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்வதற்குள், ஐந்து மாதக் கர்ப்பிணியான தங்கையின் போன் வந்தது.

“அக்கா, ஸ்கேன் எடுத்தோம். பாப்பாவுக்கு இதயம் வலது பக்கம் இருக்காம்.”

மீன்காரி போனை வைத்தாள். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அப்படியே தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள்.

தங்கையின் கணவர் பஸ் ஓட்டுநர். சீருடையைக்கூட மாற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். தங்கை கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

“நீ இதைத்தானே படிக்கிற? ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லு.”

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. “இப்போ சொல்ல முடியாதுடி. இதயம், இரைப்பை, கல்லீரல் எல்லாமே சேர்ந்து பக்கம் மாறியிருந்தா பெரும்பாலும் பயமில்ல. அப்படியே கிழவியாகிற வரைக்கும் வாழ்ந்தவங்க இருக்காங்க. சிலது மாறி, சிலது மாறாம இருந்தாத்தான் சிக்கல். அடுத்த ஸ்கேன்லதான் தெரியும்.”

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “மீனைப் பார்த்துப் பார்த்து, மனுஷங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னே மறந்துட்ட.”

வாசல்வரை வந்த ஓட்டுநர் குரலைத் தாழ்த்தினார். “மூணாவது மாசம் காய்ச்சல்னு மாத்திரை போட்டா, அக்கா. அதனாலதான் இப்படின்னு காலையிலேர்ந்து அழறா. உங்ககிட்ட கேக்கப் பயம்.”

மீன்காரி திரும்ப உள்ளே போனாள். “நாளைக்கு என்கூட வா,” என்றாள் தங்கையிடம்.

மறுநாள் தங்கையை நுண்ணோக்கியின் முன் உட்காரவைத்தாள்.

“வால் பக்கமா ஒரு சின்னக் குமிழி தெரியுதா?”

“ஏதோ தூள் சுத்துது.”

“தூள் நாங்க போட்டது. அதைத் தள்ளறது உள்ள இருக்கற பொடிப்பொடி முடி. அது நீரை ஒரு பக்கமாத் தள்ளும். அந்த ஓட்டத்தை வெச்சுத்தான் இடது எதுன்னு மரபணுவுக்கே தெரியும். நமக்கும் ஏறக்குறைய இப்படித்தான். ஓட்டம் இல்லைன்னா பூவா தலையாதான்.”

“என் வயித்துல இது எப்ப நடந்துச்சு?”

“நாள் தள்ளிப்போச்சேன்னு காலண்டரைப் பார்த்திருப்பியே, அந்தச் சமயத்துல. நீ மாத்திரை போட்டப்ப இதெல்லாம் எப்பவோ முடிஞ்சாச்சு.”

தங்கை கண்ணை எடுக்கவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின. மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “இதயம் மாறின மீனெல்லாம் அப்புறம் என்ன ஆகும்?”

“வளர்க்கறதில்ல. எண்ணி முடிச்சதும் தட்டோட கழுவி ஊத்திடுவோம்.”

“சரி, உன் வேலை அப்படி,” என்றாள் தங்கை. குரலில் குற்றம் இல்லை. ஆனாலும் அன்று கருக்கள் இருந்த அந்தத் தட்டுகளைக் கழுவ மீன்காரிக்குக் கை வரவில்லை. மூடி வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த ஸ்கேனுக்கு மூன்று பேருமே போனார்கள். டாக்டரம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார். “இரைப்பையும் வலது. கல்லீரல் இடது. எல்லாமே ஒழுங்கா மாறியிருக்கு. இதயத்துல ஓட்டை கீட்டை எதுவும் தெரியல.”

“அப்ப பாப்பா ரிவர்ஸ் கியர்ல வருதுன்னு சொல்லுங்க,” என்றார் ஓட்டுநர். தங்கை வயிறு குலுங்கச் சிரித்ததில் டாக்டரம்மாவே கையை எடுக்க வேண்டியதாயிற்று.

மீன்காரி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “டாக்டர், கருவுல இடது வலது பிரிக்கற மாதிரி முடிதானே மூச்சுக்குழாய்லயும் இருக்கு? அது சரியா அசையலைன்னா பிறந்ததும் மூச்சு சிரமப்படலாம். குழந்தை டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிடலாமா?”

“சொல்லி வெச்சிடறேன். நல்லதுதான்,” என்றார் டாக்டரம்மா.

“ரெண்டு நிமிஷம் சிரிக்க விடமாட்டியா நீ?” என்றாள் தங்கை. ஆனால் அக்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பெண் குழந்தை. பிறந்ததும் நன்றாகவே அழுதது. மறுநாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய் வந்தது. குழந்தை டாக்டர் அதை எதிர்பார்த்தே இருந்ததால் யாரும் பதறவில்லை. உடனே ஆக்ஸிஜன் வைத்தார்கள். சில நாட்களில் குழந்தை தானாகவே மூச்சுவிட்டது. பிறகு வந்த பரிசோதனையில், ஒரே மரபணுவின் கெட்ட பிரதி அம்மாவிடம் ஒன்றும் அப்பாவிடம் ஒன்றும் இருந்ததும், குழந்தைக்கு அந்த இரண்டுமே வந்துவிட்டதும் தெரிந்தது. மூச்சுக்குழாயின் முடிகள் சரியாக அசையாது. சளியும் இருமலும் கூடவே இருக்கும்; தினமும் முதுகைத் தட்டிச் சளியை இளக்கிவிட வேண்டும்.

“அப்ப யார் மேல தப்பு அக்கா?” என்று ஓட்டுநர் கேட்டார்.

“யார் மேலயும் இல்ல தம்பி. உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஆளுக்கொரு நல்ல பிரதியும் இருந்துச்சு. அதான் உங்களுக்கே தெரியல.”

அவர் தலையாட்டினார். முழுக்கத் தெளிந்த முகம் இல்லை. ஆனாலும் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

உள்ளங்கையைக் குழித்துத் தட்டுவது எப்படி என்று நர்ஸ் செய்து காட்டினார். தங்கை முதலில் பூவைத் தொடுவதுபோலத் தொட்டாள். “இன்னும் கொஞ்சம் பலமா, வலிக்காது,” என்றார் நர்ஸ். குழந்தை இருமியது, முகத்தைச் சுளித்தது, அப்படியே தூங்கிப்போனது.

தங்கை அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். “வேடிக்கை பார்த்தது போதும். நீயும் கத்துக்கோ. ஞாயித்துக்கிழமை உன் முறை.”

மீன்காரி போய்க் கைகழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.